அதே 12 மணி நேரம்தான்: எங்கள் டயாலிசிஸ் மைய நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டயாலிசிஸ் மைய நிர்வாகத்தினருக்கும், அதை மேற்பார்வை செய்யும் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும்,

அடுத்த மாதம் முதல் எல்லா நோயாளிகளுக்கும் டயாலிசிஸ் நேரம் நான்கு மணியிலிருந்து மூன்று மணியாகக் குறைக்கப்படும் என்று எடை பார்க்கும் இயந்திரத்துக்கு மேலே அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். "கூடுதல் நோயாளிகள் பயன்பெறும் பொருட்டு" என்று அதில் காரணமும் எழுதியிருக்கிறது. கூடவே ஓர் ஒப்புதல் படிவத்தைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்கிறீர்கள். நான் கையெழுத்திடவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். மையம் காலை 6 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்கு மூடுகிறது. இப்போது ஓர் இயந்திரத்தில் நாளைக்கு மூன்று ஷிப்ட். ஷிப்டுக்கு நான்கு மணி நேரம், நடுவே இயந்திரத்தைக் கழுவி, படுக்கை மாற்றி, அடுத்தவரை ஏற்ற ஒரு மணி நேரம். புதிய ஏற்பாட்டில் நான்கு ஷிப்ட். ஷிப்டுக்கு மூன்று மணி நேரம், நடுவே அரை மணி. மூன்று நான்கு பன்னிரண்டு. நான்கு மூன்றும் பன்னிரண்டுதான். இயந்திரம் ஓடப்போவது அதே 12 மணி நேரம். சிகிச்சை ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை. மூன்றாக வெட்டியதை நான்காக வெட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஆனால் அமர்வுகளின் எண்ணிக்கை மட்டும் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். காப்பீட்டுத் திட்டத்தில் பணம் வருவது அமர்வு எண்ணிக்கைக்குத்தான் என்பது எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

நான் கடலூர் முதுநகர்க்காரன். ஆயுள் காப்பீட்டு முகவராக வேலை பார்த்தவன். சர்க்கரை நோய் சிறுநீரகம் இரண்டையும் தின்றுவிட்டது. சில ஆண்டுகளாக வாரத்தில் இரண்டு நாள் உங்கள் மையத்தில் படுக்கிறேன். மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் முதலில் அடிபடப் போவது ஊசி குத்தும் சிஸ்டர்களும் டெக்னீஷியன்களும்தான். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆறு படுக்கைக்கு ஒருவராக அவர்கள் ஓடும் ஓட்டத்தை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சென்ற மாதம் "சோதனை முறை" என்று சொல்லி எங்கள் ஷிப்டில் சிலரை மூன்று மணி நேரத்தில் இறக்கினீர்கள். அதில் நானும் ஒருவன். என் டிரை வெயிட், அதாவது உடம்பில் மிகுதி நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை, 60 கிலோ. அன்று எடை மேடையில் ஏறியபோது 63. இரண்டாவது மணி நேரம் முடிவதற்குள் இடது கெண்டைக்கால் கல்லாக இறுகியது. கொட்டாவி மேல் கொட்டாவி வந்தது. டயாலிசிஸில் படுத்தவர்களுக்கு அந்தக் கொட்டாவியின் பொருள் தெரியும். ரத்த அழுத்தம் 150லிருந்து 84க்கு விழுந்தது. சிஸ்டர் ஓடிவந்து தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, கால்களை உயர்த்தி வைத்து, நீர் எடுப்பதை நிறுத்தி, சலைனைத் திறந்துவிட்டார். அன்று எடுக்க வேண்டியது 3,000 மில்லி. எடுத்தது 1,900. அதிலும் 300 மில்லியைச் சலைனாக உள்ளேயே திருப்பிவிட்டார்கள். 61.4 கிலோவோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். உங்கள் பதிவேட்டில் அது நிறைவடைந்த ஓர் அமர்வு.

பக்கத்துப் படுக்கைக்காரர் பண்ருட்டியிலிருந்து வருகிறவர். பலாப்பழ மண்டியில் கணக்கு எழுதுகிறார். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும் என்று பயந்து ஒரு சுளை வாயில் வைக்க முடியாமல், நாள் முழுக்க அந்த வாசனைக்கு நடுவே உட்கார்ந்திருக்கிற மனிதர். அவரையும் அந்த வாரம் மூன்று மணி நேரத்தில் இறக்கினீர்கள். பஸ் ஸ்டாண்டு வரை போய் உட்கார்ந்தவர், எழ முடியாமல் மகனுக்குப் போன் செய்தார். இரண்டு நாள் கழித்து நள்ளிரவில் மூச்சுத் திணறி வேறொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தூக்கிச் சென்றார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. குறைத்த அந்த ஒரு மணி நேரம்தான் இதற்குக் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்கவோ மறுக்கவோ வேண்டிய பதிவுகள் உங்களிடம்தான் இருக்க வேண்டும். அப்படி ஒரு பதிவே வைக்கப்படவில்லை என்பதுதான் என் இரண்டாவது குறை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"ரத்த ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டிவிட்டால் நான்கு மணி நேர வேலையை மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம்" என்று எங்களிடம் சொன்னீர்கள். இது புதிய யோசனை அல்ல. அமெரிக்கா 1980களிலேயே இதைச் செய்து பார்த்துவிட்டது. அங்கே 1973 முதல் சிறுநீரகம் செயலிழந்த ஏறக்குறைய எல்லோருக்கும் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு டயாலிசிஸ் செலவை ஏற்கிறது. 1983இல் ஓர் அமர்வுக்கு இவ்வளவு என்று ஒரே தொகையை நிர்ணயித்தார்கள். விலைவாசி ஏறியபோது அந்தத் தொகை அதற்கு ஈடாக ஏறவில்லை. மையங்கள் என்ன செய்யும்? ரத்த ஓட்டத்தைக் கூட்டின, நேரத்தைக் குறைத்தன, அடுத்தவரை ஏற்றின. 1989இல் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர்கள் டல்லாஸ் நகரில் கூடி, ஐரோப்பாவையும் ஜப்பானையும்விட நம் நோயாளிகள் ஏன் அதிகமாக இறக்கிறார்கள் என்று தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. மூன்றரை மணி நேரத்துக்கும் குறைவாக டயாலிசிஸ் பெற்றவர்களிடையே இறப்பு கூடுதல் என்று 1991இல் ஆய்வு வெளிவந்தது. உலகத்திலேயே பணக்கார நாடு, நல்ல இயந்திரங்கள், நல்ல மருந்துகள், படித்த மருத்துவர்கள் எல்லாம் இருந்தும் இந்த நிலை.

பிறகு 1996இல் டாப்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வு தொடங்கியது. அமெரிக்கா, ஜப்பான், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின், பிரிட்டன் என ஏழு நாடுகளின் டயாலிசிஸ் மையங்களில் யாருக்கு எவ்வளவு நேரம், என்ன வேகம், எந்த வழியாக ஊசி, யார் பிழைத்தார்கள் என்று ஒரே அளவுகோலால் அளந்தார்கள். 2003இல் வெளியான கணக்கு இது: ஓராண்டில் இறந்தவர்கள் நூற்றுக்கு ஜப்பானில் 6.6, ஐரோப்பிய நாடுகளில் 15.6, அமெரிக்காவில் 21.7. ஆயுள் காப்பீடு விற்றவன் என்பதால் இறப்பு விகிதப் பட்டியல் எனக்குப் புதிதல்ல. ஒரே நோய்க்கு ஒரே சிகிச்சையில் இப்படி மூன்று மடங்கு வித்தியாசத்தை நான் எந்தப் பட்டியலிலும் கண்டதில்லை.

இந்த நாடுகளில் சராசரி அமர்வு நேரம் என்ன தெரியுமா? அந்த ஆய்வின் முதல் கட்டத்தில் அமெரிக்காவில் 211 நிமிடம், ஐரோப்பாவில் 232, ஜப்பானில் 244. ரத்த ஓட்ட வேகமோ தலைகீழ். அமெரிக்காவில் நிமிடத்துக்கு 400 மில்லி வரை ஓட்டுகிறார்கள். ஜப்பானில் சுமார் 200. மெதுவாக, நீண்ட நேரம் ஓட்டிய நாட்டில் நோயாளிகள் அதிகம் பிழைத்தார்கள். நீங்கள் போகச் சொல்வது எதிர்த்திசையில். அதிலும் 180 நிமிடம் என்பது, எல்லோரும் குறை சொன்ன அந்த அமெரிக்கச் சராசரிக்கும் அரை மணி நேரம் கீழே.

உடனே எழும் மறுப்பு எனக்குத் தெரியும். ஜப்பானியர்கள் இயல்பாகவே நீண்ட நாள் வாழ்கிறவர்கள். அங்கே சிறுநீரக மாற்று அறுவை குறைவு. அதனால் மற்ற நாடுகளில் மாற்றுச் சிறுநீரகம் பெற்றுப் போய்விடும் திடமான ஆட்களும் அங்கே டயாலிசிஸிலேயே இருக்கிறார்கள். அமெரிக்க நோயாளிகளுக்குச் சர்க்கரையும் இதய நோயும் கூடுதல். எல்லாம் நியாயம்தான். ஆனால் வயதையும் கூட இருக்கும் நோய்களையும் கணக்கில் எடுத்துச் சரிசெய்த பிறகும், ஜப்பானைவிட இறக்கும் வாய்ப்பு ஐரோப்பாவில் இரண்டரை மடங்குக்கு மேல், அமெரிக்காவில் மூன்றரை மடங்குக்கு மேல் இருந்தது. நேரத்தை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோது, அதே ஏழு நாடுகளின் 22,000 பேர் கணக்கில், ஒவ்வொரு அரை மணி நேரம் கூடுதலுக்கும் இறப்பு வாய்ப்பு 7 விழுக்காடு குறைந்திருந்தது. 2006இல் வெளியான முடிவு இது. ஒரு மணி நேரத்தைக் குறைக்கும் நிர்வாகம் இந்த ஒரு வரியையாவது படித்திருக்க வேண்டும்.

உங்கள் மருத்துவர் ஒருவர் எங்களிடம் வேறொன்றும் சொன்னார்: மூன்று மணி நேரத்திலேயே கேடி பை வி என்ற சுத்திகரிப்பு அளவு, போதுமானது என்று கருதப்படும் 1.2ஐத் தொட்டுவிடுகிறதாம். அமெரிக்காவில் நடந்த ஹீமோ என்ற பெரிய சோதனையிலும் அந்த அளவைக் கூடுதலாக ஏற்றியதால் உயிர் பிழைப்பு கூடவில்லை என்று 2002இல் முடிவு வந்ததாம். உண்மை. ஆனால் அந்தச் சோதனையில் இருந்தவர்கள் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் பெற்றவர்கள். நாங்கள் இரண்டு முறை. தவிர, கேடி பை வி அளப்பது யூரியாவை. யூரியா சிறிய பொருள், வேகமாக வெளியேறிவிடும். என் உடம்பில் ஏறிய 3 கிலோ யூரியா அல்ல, தண்ணீர். அதற்கு வேகம் உதவாது, நேரம்தான் வேண்டும்.

அதையும் கணக்காகவே போடுகிறேன். 60 கிலோ ஆளிடமிருந்து 3,000 மில்லியை நான்கு மணி நேரத்தில் எடுத்தால், ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 12.5 மில்லி. மூன்று மணி நேரத்தில் எடுத்தால் 16.7. மணிக்கு 13 மில்லியைத் தாண்டும்போது இறப்பும் இதயக் கோளாறும் கூடுகின்றன என்று 2011இல் வந்த ஆய்வு சொல்கிறது. 10ஐத் தாண்டினாலே நடுவில் ரத்த அழுத்தம் விழுவது கூடுகிறது என்கிறது நான் மேலே சொன்ன ஏழு நாட்டு ஆய்வு. நான்கு மணி நேரத்திலேயே நாங்கள் விளிம்பில்தான் நிற்கிறோம். "தண்ணீரைக் குறைத்துக் குடியுங்கள்" என்பது உங்கள் பதில். குடிக்கிறோம், அளந்துதான் குடிக்கிறோம். முதுநகரில் பிறந்துவிட்டு நான் கருவாட்டையே விட்டவன். ஆனால் மே மாதக் கடலூரில், வெயிலில் பஸ்ஸுக்கு நின்று, மண்டியிலும் வயலிலும் வேலை பார்த்து வருகிறவரிடம் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் ஏறக்கூடாது என்பது சொல்வதற்குத்தான் எளிது.

வாரம் இரண்டு முறை என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வாரம் மூன்று முறை செய்துகொள்ளும் 32,000 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2011இல் வெளியானது. வாரக் கடைசியில் இரண்டு நாள் இடைவெளி விழுகிறதே, அது முடியும் நாளில் இறப்பு மற்ற நாள்களைவிடக் கூடுதல்: நூறு நோயாளி ஆண்டுகளுக்கு, அதாவது நூறு பேரை ஓராண்டு கவனித்த கணக்கில், 22.1; மற்ற நாள்களில் 18. அவர்கள் அபாயம் என்று எச்சரிக்கும் அந்த இரண்டு நாள் இடைவெளி எங்களுக்கு வாரத்தின் குறுகிய இடைவெளி. திங்கள், வியாழன் என்று வருகிறவருக்கு ஒரு பக்கம் இரண்டு நாள், மறுபக்கம் மூன்று நாள். சிறுநீர் இன்னும் ஓரளவு போகிறவர்களுக்கு இரண்டு முறை போதும் என்று மருத்துவம் ஒப்புக்கொள்கிறது; அதில் எனக்கு வாதம் இல்லை. ஆனால் உங்கள் மையத்தில் யாருக்கு எவ்வளவு சிறுநீர் போகிறது என்று 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து அளந்து பார்த்த பிறகா இரண்டு முறை என்று தீர்மானித்தீர்கள்? எனக்குச் சொட்டும் வருவதில்லை. எனக்கும் இரண்டுதான்.

இந்திய அரசின் கணக்கே வேறு. 2016-17 வரவு செலவுத் திட்ட உரையில் தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்த அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி, நாட்டில் ஆண்டுதோறும் 2.2 லட்சம் பேருக்குப் புதிதாகச் சிறுநீரகம் செயலிழக்கிறது, அதனால் 3.4 கோடி டயாலிசிஸ் அமர்வுகள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன என்றார். வகுத்துப் பாருங்கள். ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 155 அமர்வுகள் வரும். ஆண்டுக்கு 52 வாரம், வாரத்துக்கு மூன்று. திட்டத்தைத் தீட்டியவர்கள் மனத்தில் இருந்தது வாரம் மூன்று முறை. எங்களிடம் வந்து சேரும்போது அது இரண்டாகிவிட்டது. இப்போது அந்த இரண்டிலும் கால் பங்கை வெட்டுகிறீர்கள். ஜப்பானில் ஒருவர் வாரத்துக்கு 12 மணி நேரம் இயந்திரத்தில் இருக்கிறார். நான் இதுவரை 8 மணி நேரம். இனிமேல் 6.

இந்த 6 மணி நேரம் கடலூருக்கு இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் இது புயல் ஊர். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் எங்களை அடித்துப் போட்டபோது பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் கிட்டத்தட்ட அரை மீட்டர் மழை. அடுத்த இரண்டு மூன்று நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து வந்த தண்ணீர் தென்பெண்ணையில் ஏறி, கடலூரின் கரையோரத் தெருக்களை மூழ்கடித்தது. அந்த வாரம் எனக்கு ஓர் அமர்வு போயிற்று. மையத்திலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. நான் அழைத்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. சமையலறையில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி உதட்டில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாரத்தில் மூன்று முறை போகிறவருக்கு ஒன்று தவறினால் இரண்டு மிச்சம். எனக்கு மிச்சம் ஒன்று. இனி அந்த ஒன்றும் மூன்று மணி நேரம்.

புயல் வருவது நமக்குச் சில நாள் முன்பே தெரிகிறது. 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க், நியூஜெர்சி பக்கம் வருவது தெரிந்ததும், அங்குள்ள பல மையங்கள் நோயாளிகளை முன்கூட்டியே கூப்பிட்டு டயாலிசிஸ் செய்து அனுப்பின. பாதிக்கும் மேற்பட்டோருக்கு அப்படி நடந்தது. அவர்களில் அவசரப் பிரிவுக்குப் போனவர்களும், மருத்துவமனையில் சேர்ந்தவர்களும், அடுத்த ஒரு மாதத்தில் இறந்தவர்களும் மற்றவர்களைவிடக் குறைவு என்று பின்னர் கணக்கெடுத்தார்கள். 2005 கத்ரீனா புயலில் ஏராளமானோருக்கு அமர்வு தவறியது, அதிலிருந்து கற்றுக்கொண்டார்கள். இதற்குப் புதிய இயந்திரம் வேண்டாம், புதிய கட்டடம் வேண்டாம். ஒரு தொலைபேசிப் பட்டியலும், வானிலை அறிவிப்பைப் பார்த்து முடிவெடுக்க ஒரு பொறுப்பாளரும் போதும். தானேவையும் ஃபெஞ்சலையும் பார்த்த மாவட்டத்தில் இது இல்லை என்பது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

இனி நான் மேலே ஒத்திவைத்த குறை. இத்தனை நாடுகளைப் பற்றி என்னால் இவ்வளவு எழுத முடிகிறது. எங்கள் மையத்தைப் பற்றி ஒரு வரி எழுத முடியவில்லை. ஜப்பானில் 1960களின் இறுதியிலிருந்து ஆண்டுதோறும் டயாலிசிஸ் நோயாளிகளைக் கணக்கெடுக்கிறார்கள். பிரிட்டனில் எந்த மையத்தில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பது மையத்தின் பெயரோடு அச்சில் வருகிறது. அமெரிக்காவில் 2001 முதல் ஒவ்வொரு மையத்தின் தரத்தையும் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். இங்கே சுவரில் என்ன இருக்கிறது? "இதுவரை செய்யப்பட்ட டயாலிசிஸ்" என்று ஒரு பலகை, அதில் ஒரு பெரிய எண். பிரீமியம் வசூலை மட்டும் பலகையில் எழுதிவிட்டு, இறப்புக் கோரிக்கைகளைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கும் காப்பீட்டுக் கிளையைப் போல இருக்கிறது அது. படுக்கை காலியானால் அடுத்தவர் வருகிறார். போனவர் எங்கே போனார், மாற்றுச் சிறுநீரகம் கிடைத்துப் போனாரா, வேறு ஊருக்கா, சுடுகாட்டுக்கா என்று எந்த ஏடும் சொல்வதில்லை. நாங்கள் டீக்கடையில் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம்.

எண்களை வெளியில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சான்று தருகிறேன். கையில் தமனியையும் சிரையையும் இணைத்துப் போடும் ஃபிஸ்டுலாதான் டயாலிசிஸுக்குப் பாதுகாப்பான வழி. கழுத்து ரத்தநாளத்தில் செருகும் கழுத்துக் குழாயில் கிருமித் தொற்று ஏறும் அபாயம் பல மடங்கு. ஏழு நாட்டு ஆய்வின் தொடக்கத்தில் ஐரோப்பிய நோயாளிகளில் 80 விழுக்காட்டினருக்கு ஃபிஸ்டுலா இருந்தது; அமெரிக்காவில் 24 விழுக்காடுதான். இது 2002இல் அச்சில் வந்தது. வெட்கப்பட வேண்டிய அந்த எண்ணை அவர்கள் மறைக்கவில்லை. 2003இல் "முதலில் ஃபிஸ்டுலா" என்று ஓர் இயக்கமே தொடங்கி, அடுத்த பத்தாண்டுகளில் 60 விழுக்காட்டை எட்டிப்பிடித்தார்கள். எங்கள் ஷிப்டில் மாதக்கணக்காகக் கழுத்துக் குழாயோடு வருகிற ஓர் இளைஞர் இருக்கிறார், புவனகிரிப் பக்கம் தறி நெய்கிறவர். அவருக்கு அவ்வப்போது, இயந்திரத்தில் ஏற்றிய அரை மணி நேரத்தில் பல் கிட்டும் குளிர் வருகிறது. ஃபிஸ்டுலா போட எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க யாருக்கும் நேரமில்லை. ஷிப்ட் நான்கானால் அந்த நேரம் இன்னும் குறையும். நடுவே இருக்கும் அரை மணியில் இயந்திரத்தை முறையாகக் கிருமி நீக்கம் செய்ய முடியுமா என்று உங்கள் டெக்னீஷியன்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஹெப்படைட்டிஸ் சி டயாலிசிஸ் அறைகளில் எப்படிப் பரவுகிறது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெளியே காத்திருக்கிறவர்களை நான் மறக்கவில்லை. அவர்களும் எங்கள் ஊர்க்காரர்கள்தான். நானும் ஒரு காலத்தில் அந்தப் பட்டியலில் இருந்து, தனியார் மையத்துக்குக் கொடுக்க வீட்டு நகையை அடகு வைத்தவன். அவர்களுக்கு இடம் வேண்டும். அந்த இடத்தை எங்கள் மணி நேரத்திலிருந்து எடுத்து அவர்களுக்குக் கொடுத்தால், அவர்களுக்கும் கிடைப்பது அரைகுறைச் சிகிச்சைதான். உண்மையான நான்காவது ஷிப்ட் வேண்டுமென்றால் இரவு 8 மணிக்குப் பூட்டும் கதவைத் திறந்து வையுங்கள். பிரான்சில் லியோன் அருகே டாசின் என்ற இடத்தில் நோயாளிகளுக்கு எட்டு மணி நேர நீண்ட டயாலிசிஸ் கொடுத்து, பெரும்பாலோருக்கு ரத்த அழுத்த மாத்திரையே தேவைப்படாத நிலைக்குக் கொண்டுவந்தார்கள். பல நாடுகளில் இரவு முழுக்கத் தூங்கிக்கொண்டே செய்துகொள்ளும் அமர்வு நடக்கிறது. எட்டு மணி நேரம் கேட்க எனக்கு ஆசை இருந்தாலும் துணிவில்லை. நான்கு மணி நேர இரவு ஷிப்டுக்கு ஆள் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். வயிற்றுக்குள் திரவத்தைச் செலுத்தி வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்று வழி டயாலிசிஸ் என்று ஒன்று இருப்பதையும் எங்களில் பலருக்கு யாரும் சொன்னதில்லை. ஹாங்காங் 1985 முதலும் தாய்லாந்து 2008 முதலும் அதையே முதல் வழியாக வைத்துப் பல்லாயிரம் பேரைக் காப்பாற்றின. நம் மாநிலத்திலேயே 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். காத்திருப்போர் பட்டியலில் தகுதியானவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தீர்களா?

ஆகவே நான் கேட்பவை இவை.

அமர்வு நேரத்தை மூன்று மணியாகக் குறைக்கும் அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். நேரத்தை ஒட்டுமொத்தமாக ஓர் அறிவிப்பால் மாற்றாமல், ஒவ்வொருவரின் எடை, ஏறும் நீர், மிச்சமிருக்கும் சிறுநீர் ஆகியவற்றைப் பார்த்துச் சிறுநீரக மருத்துவர் எழுத்தில் தீர்மானிக்கட்டும். சிறுநீர் முற்றிலும் நின்றுவிட்டவர்களுக்கு வாரம் மூன்று முறை எப்போது தொடங்கும் என்று ஒரு தேதி சொல்லுங்கள். ஒரு கிலோவுக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் நீர் எடுக்க நேர்ந்தால், அன்று நேரத்தை நீட்டும் அதிகாரத்தை ஷிப்டில் இருக்கும் மருத்துவருக்குக் கொடுங்கள். அடுத்த ஷிப்ட் தாமதமாகும் என்று சிஸ்டர்கள் பயப்படும் நிலை கூடாது.

காத்திருப்போருக்காக இரவு ஷிப்ட் தொடங்க எத்தனை டெக்னீஷியன், எத்தனை செவிலியர் தேவை என்று கணக்கிட்டு அரசிடம் கேளுங்கள். அந்தக் கடிதத்தின் கீழே நோயாளிகள் நாங்களும் கையெழுத்திடுகிறோம். கழுத்துக் குழாயோடு இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஃபிஸ்டுலா அறுவைக்குத் தேதி வாங்கிக் கொடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், புயல் கால ஏற்பாட்டை எழுத்தில் கொடுங்கள்: யார் எங்களுக்குப் போன் செய்வார், எத்தனை நாள் முன்னதாக அமர்வு கிடைக்கும், ஜெனரேட்டருக்கு டீசலும் ஆர்.ஓ. நிலையத்துக்குத் தண்ணீரும் எங்கிருந்து வரும், மையம் மூடினால் நாங்கள் எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும். நான்கு மணி நேர அமர்வு ஒன்றுக்கு மட்டும் சுமார் 120 லிட்டர் சுத்தமான தண்ணீர் வேண்டும் என்பதை வெள்ளம் வந்த பிறகு நினைத்துப் பயனில்லை.

சுவரில் இருக்கும் பலகையில் இன்னும் நான்கு எண்களைச் சேருங்கள்: சென்ற ஆண்டு இங்கே சிகிச்சை பெற்றவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள், எத்தனை பேருக்குக் கிருமித் தொற்று வந்தது, எத்தனை பேருக்கு ஃபிஸ்டுலா இருக்கிறது, சராசரி அமர்வு எத்தனை நிமிடம். யாருடைய பெயரும் வேண்டாம். எண் போதும்.

அறிவிப்பு நடைமுறைக்கு வரும் முன் எழுத்தில் பதில் தாருங்கள். சோதனை முறையில் மூன்று மணி நேரத்தில் இறக்கப்பட்டவர்களின் ரத்த அழுத்தப் பதிவுகளின் நகலையும் அதோடு இணையுங்கள். அதுவரை உங்கள் ஒப்புதல் படிவம் என்னிடமே இருக்கும், கையெழுத்தில்லாமல்.

இப்படிக்கு,
கடலூர் முதுநகரிலிருந்து உங்கள் நோயாளி ஒருவர்